அரை கிரவுண்டு மனையில் தரைத்தளத்தைத் திட்டமிடுவது எப்படி?

முதன்முறையாக வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் அறைகளின் பட்டியலோடுதான் பொறியாளரைப் பார்க்கப் போகிறார்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒரு பூஜையறை, கார் நிறுத்த போர்டிகோ என்று சொல்ல, அவரும் அவற்றைக் கட்டங்களாக அடுக்கி வரைந்து தந்துவிடுகிறார். காகிதத்தில் எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. குடிபோய் ஏழு ஆண்டுகள் கழித்து, இடுப்பெலும்பு முறிந்து சிகிச்சை முடிந்த அம்மா வாக்கரோடு வீடு திரும்பிய அன்றுதான், கீழ்த்தளக் குளியலறையின் கதவு நிலை எவ்வளவு குறுகலானது என்பது எங்களுக்குத் தெரிந்தது. வரைபடத்தில் இரண்டரை அடி என்று எழுதியிருந்தது. இருபுறமும் சட்டத்தின் கனம் போக உள்ளே கிடைத்தது 2 அடிதான். வாக்கரைப் பக்கவாட்டில் சாய்த்து, அம்மாவை ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் உள்ளே கூட்டிப் போனோம். பிறகு டைல்ஸை உடைத்து, நிலையைப் பெயர்த்து, பெரிய நிலை வைத்தோம். கட்டும்போதே அரை அடி கூட்டியிருந்தால் அதற்குத் தனிச் செலவு என்று எதுவும் ஆகியிருக்காது.

ஆகவே, தரைத்தளத்தை அறைகளின் தொகுப்பாகப் பார்க்காமல், வீட்டில் இருப்பவர்கள் காலையில் எழுந்ததிலிருந்து இரவு கதவைச் சாத்தும் வரை நடக்கும் பாதையாகப் பாருங்கள். கீழே சொல்லும் படிகள் அனைத்தும் அந்த ஒரு பார்வையிலிருந்தே வருகின்றன. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டு நகரங்களில் பலருக்கும் வாய்க்கும் 30 அடிக்கு 40 அடி மனையை, அதாவது 1200 சதுர அடியுள்ள அரை கிரவுண்டை, ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: மனையில் நின்று பார்ப்பது

பொறியாளரைப் பார்ப்பதற்கு முன் காலை ஏழு மணிக்கு ஒரு முறையும், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும், முடிந்தால் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு முறையும் மனைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பக்கத்து வீட்டு மதில் எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது, தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் உச்சி வெயில் தலைக்கு நேராகவே இறங்குவதால், தெற்கு, வடக்குச் சுவர்களை இரண்டடி சன்ஷேட் ஓரளவு காப்பாற்றிவிடும். மேற்குச் சுவர் அப்படியல்ல. மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து சன்ஷேடுக்குக் கீழே புகுந்து சுவரை முழுவதும் சுடவைக்கும், அந்தச் சூடு இரவு பத்து மணி வரை அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே மாடிப்படி, குளியலறை, அலமாரிகள் ஆகியவற்றை மேற்கில் ஒதுக்கினால் அவை கேடயம் போல நின்று படுக்கையறையைக் காக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும்; கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காற்று வரும் பக்கம் ஒரு சன்னல் வைத்தால் மட்டும் போதாது. எதிர்ப்பக்கம் அது வெளியேற இன்னொரு திறப்பும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் ஊர்களில் அந்தப் பக்கத்துச் சன்னல்களுக்குச் சன்ஷேடு சற்று நீளமாக வேண்டும்.

இரண்டாம் படி: உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்கிடுவது

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாற்புறமும் எவ்வளவு காலி இடம் விட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 தீர்மானிக்கிறது. தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து அது மாறும் என்பதால், உங்கள் மனைக்கு உரிய அளவை உள்ளாட்சி அலுவலகத்திலோ பதிவு பெற்ற பொறியாளரிடமோ எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுபவர்களுக்கு, சுயசான்றிதழ் முறையில் இணையவழியே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. அனுமதி விரைவாகக் கிடைத்துவிடும் என்பதற்காக விதியைப் பார்க்காமல் வரைந்துவிடக் கூடாது. சான்றளிப்பவர் நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்களுடையதாகிறது.

ஒரு கணக்குக்காக, முன்புறம் 5 அடியும் மற்ற மூன்று புறமும் 3 அடியும் விடுவதாக வைத்துக்கொள்வோம். 30க்கு 40 மனையில் கட்டடத்துக்கு மிஞ்சுவது 24க்கு 32, அதாவது 768 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளளவு இருபத்திரண்டரைக்கு முப்பதரை அடியாகச் சுருங்கி 686 சதுர அடியாகிவிடும். அறைகளுக்கு நடுவே வரும் நாலரை அங்குலச் சுவர்கள் இன்னும் சுமார் 30 சதுர அடியைச் சாப்பிடும். 1200 சதுர அடி என்று நினைத்துத் தொடங்கிய குடும்பத்துக்கு, தரைத்தளத்தில் காலூன்ற மிஞ்சுவது சுமார் 656 சதுர அடிதான்.

இனி பட்டியலை எழுதிப் பாருங்கள். சாப்பாட்டு மேசைக்கும் சேர்த்து ஹால் 16க்கு 12 என்றால் 192. சமையலறை 8க்கு 10 என்றால் 80. ஒரு படுக்கையறை 10க்கு 12 என்றால் 120, இன்னொன்று 10க்கு 11 என்றால் 110. நாலரைக்கு ஏழரை அடியில் இரண்டு குளியலறைகள் ஏறத்தாழ 68. பூஜைக்கு 16. உள்மாடிப்படிக்கு 82. கூட்டினால் 668 வருகிறது. போர்டிகோவுக்கு இன்னும் ஓர் அடிகூட ஒதுக்கவில்லை, அதற்குள்ளேயே கணக்கு மீறிவிட்டது. இந்த நிலையில் பல பொறியாளர்கள் ஒவ்வோர் அறையிலும் அரை அடி, ஓர் அடி என்று குறைத்து எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிடுவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லா அறைகளும் சிறிது சிறிதாகக் கெடுவதைவிட, ஓர் அறையை முழுவதுமாக மேல்தளத்துக்கு அனுப்புவது மேல் என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன பட்டியலில் இரண்டாவது படுக்கையறையை மாடிக்கு அனுப்பினால் 98 சதுர அடி மிஞ்சும். அதில் ஏறத்தாழ பத்துக்குப் பத்து அளவில் போர்டிகோ அமைத்து, முன்புறம் விட்ட 5 அடியையும் சேர்த்துக்கொண்டால் 15 அடி நீளம் கிடைக்கும். 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார் சுமார் 13 அடிதான் என்பதால் நின்றுவிடும். ஆனால் கேட் உள்பக்கம் திறப்பதாக இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நகர்வதாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மாடிப்படியை முதலில் முடிவு செய்வது

வரைபடத்தில் மாடிப்படியைக் கடைசியில், மிஞ்சிய மூலையில் வைப்பது பொதுவான தவறு. பின்னாளில் மாற்றவே முடியாத பகுதி அதுதான். எனவே பேனாவை முதலில் அங்கே வையுங்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி உயரம் என்றால் 126 அங்குலம். படி ஒன்றுக்கு 7 அங்குல உயரம் வைத்தால் 18 படிகள். பாதியில் திரும்பும் மாடிப்படியில் கீழே 9, மேலே 9. ஒவ்வொரு பாதியிலும் ஒன்பதாவது படி திரும்பும் இடத்திலோ மேல்தளத்திலோ முடிந்துவிடுவதால், கால் வைக்க 10 அங்குல அகலத்தில் 8 பலகைகள் வரும், அது 6 அடி 8 அங்குலம். திரும்பும் இடத்துக்கு 3 அடியும், ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க 3 அடியும் சேர்த்தால் நீளம் 12 அடி 8 அங்குலம், அகலம் ஆறரை அடி. முன்பு சொன்ன 82 சதுர அடி இப்படித்தான் வந்தது. யாராவது இதைவிட மிகக் குறைந்த இடத்தில் மாடிப்படி வைத்துத் தருவதாகச் சொன்னால், படியின் உயரத்தைக் கேளுங்கள். எட்டு, எட்டரை அங்குலம் என்று வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பெண்ணுக்கும் முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும் அந்த ஓர் அங்குலம் அன்றாடத் தண்டனை.

மாடிப்படிக்குக் கீழே கழிப்பறை வைத்துவிடலாம் என்று சொல்வதும் வழக்கம். திரும்பும் இடம் தரையிலிருந்து 9 படி உயரத்தில், அதாவது 5 அடி 3 அங்குலத்தில் இருக்கிறது. காங்கிரீட் கனம் போக 5 அடிகூடத் தேறாது. அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. இன்வெர்ட்டர், செருப்பு அலமாரி, கேன் தண்ணீர், பழைய பாத்திரப் பெட்டி ஆகியவற்றுக்கே அந்த இடம் பொருந்தும்.

மாடிப்படி வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அது குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி. வெளிப்படி வைத்தால் மாடியை வாடகைக்கு விடலாம், நாளை மகனும் மருமகளும் தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம். உள்படி வைத்தால் மேலே படிக்கும் பிள்ளைகளின் நடமாட்டம் வீட்டோடு இருக்கும், இரவில் பாதுகாப்பும் கூடும். முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. தலைவாசலைத் தாண்டியதும் நான்கடி நடை ஒன்றை விட்டு, பழைய வீடுகளின் ரேழி போல, அதன் ஒரு பக்கம் ஹாலுக்கும் இன்னொரு பக்கம் மாடிப்படிக்கும் வழி வையுங்கள். இன்று ஹாலுக்கும் நடைக்கும் நடுவே திறப்பு மட்டும் இருக்கட்டும். அதன் மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டலும், பக்கத்தில் நிலை பொருத்தும் அளவுக்கு இடமும் விட்டிருந்தால், பத்தாண்டு கழித்து ஒரு கதவு போட்டு இரண்டு குடித்தனமாக்கிவிடலாம். எனக்குத் தெரிந்து, அண்ணன் தம்பி இருவர் மனக்கசப்பு இல்லாமல் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு இப்படி விட்ட ஒரு திறப்பு காரணமாக இருந்திருக்கிறது.

நான்காம் படி: தரைமட்டமும் வாசலும்

தெருவிலிருந்து பேஸ்மட்டம், அதாவது வீட்டின் தரைமட்டம், எவ்வளவு உயர வேண்டும் என்பதில் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்திய தெருக்களில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருவுக்குச் சமமாகவோ பள்ளத்திலோ கிடக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகள் மூன்றடிக்குக் குறைந்து ஒப்புக்கொள்வதில்லை. மறுபக்கம், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி உயர்த்தினால் 36 அடி நீளச் சாய்தளம். அரை கிரவுண்டில் அது நடக்காத காரியம்.

இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க, உயரத்தை இரண்டாகப் பிரியுங்கள். மனை முழுவதையும் தெருவின் நடுமட்டத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டடி வரை மண் கொட்டிக் கெட்டித்து உயர்த்திவிட்டு, அதன் மேல் பேஸ்மட்டத்தை ஓர் அடி மட்டும் வைத்தால், கார் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு 12 அடிச் சாய்தளம் பக்கவாட்டில் பொருந்திவிடும். தெருவிலிருந்து போர்டிகோவுக்கு ஏறும் சரிவு உங்கள் மனைக்குள்ளேயே முடிய வேண்டும் என்பதால், அதைக் கணக்கில் கொண்டே மனையின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

தலைவாசலின் நிலை மூன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். பீரோவும் கட்டிலும் உள்ளே வர வேண்டும் என்பது மட்டுமில்லை. நல்லது கெட்டது இரண்டும் இந்த வாசல் வழியாகத்தான் நடக்கும். பெண் அழைப்புக்கு நாற்பது பேர் ஒரே நேரத்தில் வருவார்கள், ஒரு நாள் வீட்டின் மூத்தவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியும் வரும். அந்த நேரத்தில் வாசலில் திரும்ப முடியாமல் தடுமாறுவதைப் பார்த்தவர்கள் இந்த அரை அடியை ஒருபோதும் குறைக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: பெரியவர்களுக்கான அறை

தரைத்தளத்தில் ஒரே ஒரு படுக்கையறைதான் முடியும் என்றால், அது பெரியவர்களுக்கு உரியதாக இருக்கட்டும். வீட்டில் இன்று பெரியவர் எவரும் இல்லையென்றாலும் அப்படியே திட்டமிடுங்கள். முப்பது ஆண்டுகளில் அந்த அறைக்கு வரப்போகிறவர்கள் நீங்கள்தான். ஐந்தடிக்கு ஆறரை அடிக் கட்டிலின் இருபுறமும் இரண்டரை அடி நடைவெளி வேண்டும், ஒரு பக்கம் இரண்டடி ஆழத்தில் அலமாரி வேண்டும். இதைத் தாளில் வரைந்து பார்த்தால் 10க்கு 12 என்பது ஆடம்பரமில்லை என்று புரியும்.

குளியலறைக் கதவுக்கு 3 அடி நிலை வையுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். ஈரமாகும் குளிக்கும் இடம் கடைக்கோடியிலும், வெஸ்டர்ன் கழிப்பறை அதற்கு முன்பும், கைகழுவும் தொட்டி கதவருகிலும் இருந்தால் இரவில் நனைந்த தரையை மிதிக்க வேண்டியதில்லை. கைப்பிடிக் கம்பி பொருத்தப் போகும் இடத்தில் சுவர் உறுதியான செங்கல்லாக இருக்கட்டும். மூன்றங்குலத் தடுப்புச் சுவரில் கம்பி ஆளின் எடையைத் தாங்காது.

ஆறாம் படி: சமையலறையும் பின்கட்டும்

சமையலறையில் அதிக நேரம் நிற்பவர் யாரோ, அவரை வரைபடத்தின் முன் உட்கார வைத்துப் பேசுங்கள். மேடை உயரத்தை அவர் நின்று தோசை வார்ப்பது போலக் கையை வைத்துக் காட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். 32 முதல் 34 அங்குலத்துக்குள் பெரும்பாலும் வரும். ஃபிரிட்ஜ், தொட்டி, அடுப்பு மூன்றும் மூன்று நான்கு எட்டுக்குள் அமைய வேண்டும். கிரைண்டருக்கும் மிக்சிக்கும் மேடையிலேயே நிலையான இடமும் அருகில் பிளக் பாயிண்டும் இருந்தால், மாவரைக்கும் நாளில் எதையும் தூக்கி வைக்க வேண்டியிருக்காது.

சமையலறையை ஒட்டி நான்கடிக்கு ஆறடியிலாவது ஒரு பின்கட்டு வேண்டும். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்கும் இயந்திரம் வைக்க, மீன் கழுவ, வாழையிலை நறுக்க, முருங்கைக்கீரை ஆய என்று நம் சமையலின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. இடமில்லை என்பவர்கள் பின்புறம் விட்ட மூன்றடியில், கூரை போடாமல், தரையைச் சரிவாக்கி ஒரு குழாய் வைத்துக்கொள்ளலாம். கேஸ் சிலிண்டரையும் வெளிப்புறம் வைத்துக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவது பாதுகாப்பு.

வாஸ்து பார்க்கும் குடும்பங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை, ஈசான்யமான வடகிழக்கில் பூஜை, கன்னிமூலையான தென்மேற்கில் பெரியவர் படுக்கையறை என்பனவற்றைப் பார்ப்பதானால், வரைபடத்தின் முதல் நாளிலேயே பெரியவர்களையும் உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைக்கால் எழும்பிய பிறகு ஒரு சன்னலை நகர்த்தச் சொல்லும் ஆலோசனைதான் வீட்டையும் உறவையும் சேர்த்துக் கெடுக்கிறது. கடலோர ஊர்களில் தென்கிழக்குச் சமையலறையின் தாளிப்பு வாசனையைக் கடற்காற்று ஹாலுக்குள் தள்ளும் என்பதால், புகைபோக்கியோ காற்று வெளியேற்றும் விசிறியோ வலுவாக இருக்கட்டும்.

ஏழாம் படி: தண்ணீர் போகும் வழி

சமையலறைத் தொட்டி, கீழ்க் குளியலறை, மேல் குளியலறை ஆகியவை முடிந்த வரை ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். குழாய் நீளம் குறையும், கசிவு வந்தாலும் ஓரிடத்தில்தான் வரும். ஹாலுக்கோ பூஜைக்கோ மேலே கழிப்பறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடித் தொட்டி ஆறடிக்கு ஆறடி, ஆறடி ஆழம் என்றால் சுமார் 6100 லிட்டர் கொள்ளும். நான்கைந்து பேருக்கு அது தாராளம். அது மனையின் ஒரு மூலையில் என்றால் செப்டிக் டேங்க் அதற்கு நேர் எதிர்மூலையில் இருக்கட்டும், ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்கிலிருந்து விலகியே இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். அதன் குழியையும் இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

எட்டாம் படி: கோலமாவில் ஒரு வீடு

கடைக்காலுக்கு வானம் தோண்ட ஆள் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். மனையைச் சுத்தம் செய்து, முளையடித்து நூல் கட்டி, மூலைமட்டம் சரியா என்று 3, 4, 5 அடிக் கணக்கில் (மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்) பார்த்துவிட்டு, வரைபடத்தை அப்படியே உண்மை அளவில் தரையில் கோலமாவால் போடுங்கள். சுவருக்கு இரட்டைக் கோடு, கதவுக்கு இடைவெளி, கதவு திறக்கும் பக்கத்துக்கு வளைகோடு. பிறகு வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக்கட்டில், நான்கு நாற்காலி, ஒரு ஸ்கூட்டர் கொண்டுவந்து அந்தந்த இடத்தில் வைத்து, ஒவ்வொருவரும் தங்கள் நாளை நடந்து பார்க்க வேண்டும். பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போவதும், இரவில் கழிப்பறைக்கு எழுந்து போவதும், மழையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மளிகைப் பையோடு சமையலறைக்குப் போவதும் அதில் அடங்கும்.

என் தங்கை வீட்டுக்கு இப்படிப் போட்டபோது, அவளுடைய மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இங்கேருந்து வாசல் தெரியலையே, யார் வர்றாங்க போறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். படுக்கையறைக் கதவை இரண்டடி நகர்த்தினோம். மேஸ்திரி காலால் மாவை அழித்துப் புதுக்கோடு போட அரை நிமிடம் ஆயிற்று. அன்று மாறிய ஒவ்வோர் அளவையும் வரைபடத்தில் சிவப்பு மையில் எழுதி, அதனால் பில்லரோ பீமோ இடம் மாறுமா என்று பொறியாளரிடம் கேட்டு, திருத்திய படத்தில் அவர் கையெழுத்து வாங்குங்கள். அனுமதிக்கு விண்ணப்பித்த படத்திலிருந்து விலகும் மாற்றம் இருந்தால் அதையும் அவர் மூலமாகவே சரிசெய்துவிட்டு, ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஸ்திரியிடம் கொடுங்கள். பழைய பிரதிகளை அவரிடமிருந்து மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள்.